பாட்டி கதையை எந்த மொழியில் சொல்வது?

வாசகர் கேள்வி – பதில்

பெங்களூருத் தமிழ்க் குடும்பங்களில் வாய்வழியாக வந்த கதைகளை எழுதி அனுப்பச் சொல்லிச் சென்ற இதழில் கேட்டிருந்தோம். கதைகள் வந்தன, அதைவிட அதிகமாகக் கேள்விகள் வந்தன. பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டிருப்பதால் எல்லாருக்கும் பகுதியின் பெயர் மட்டும்.

என் மாமியாருக்கு எண்பது தாண்டிவிட்டது. அவருடைய மாமனாரின் அப்பா பட்டாளத்தோடு இந்த ஊருக்கு வந்த கதை, பிளேக் வந்தபோது வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடிய கதை, நல்லதங்காள் கதை எல்லாம் பாட்டோடு சொல்வார். என் பிள்ளைகளுக்குப் பள்ளியில் கன்னடமும் இங்கிலீஷும்தான். தமிழ் பேசுவார்கள், ஆனால் கதை முழுக்க உட்கார்ந்து கேட்கும் அளவுக்கு ஓடாது. நான் இங்கிலீஷில் சொன்னால் கேட்கிறார்கள். மாமியார் அதற்கு வருத்தப்படுகிறார். நான் செய்வது தப்பா? – அல்சூர்

தப்பே இல்லை. சொல்லுங்கள். கதை ஒரு தலைமுறைக்கு வாயடைத்துப் போனால் அதற்கடுத்த தலைமுறைக்கு எந்த மொழியிலும் கிடைக்காது.

உங்கள் மாமியார் வைத்திருப்பது லேசான சொத்து இல்லை. 1809-ல் இங்கே கன்டோன்மென்ட் என்ற ராணுவக் குடியிருப்பு வந்தபோது பட்டாளத்தோடும், பட்டாளத்துக்கு வேலை செய்யவும் வந்து அல்சூர் பக்கம் குடியேறிய தமிழர்கள் ஏராளம். மதராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியியல் படையின் சிப்பாய்களுக்கு இன்றைக்கும் 'தம்பி' என்றுதான் பெயர். 1898 பிளேக்கில் ஊர் காலியானது, பிளேக் மாரியம்மனுக்குக் கோயில்கள் எழுந்தன, மல்லேஸ்வரமும் பசவனகுடியும் புது வீதிகளாக வளர்ந்தன. பாடப் புத்தகத்தில் இதெல்லாம் இரண்டு வரியில் முடிந்துவிடும். பூட்டிய வீட்டில் எதை விட்டுவிட்டு ஓடினார்கள், திரும்பி வந்தபோது எது இல்லை என்பதெல்லாம் உங்கள் மாமியாரிடம்தான் இருக்கும்.

ஆனால் எல்லாவற்றையும் இங்கிலீஷாக்கிவிடாதீர்கள். கதை சொல்கிறவர்களைக் கவனித்துப் பார்த்தால் தெரியும், சில இடங்களை ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி சொல்வார்கள், சில இடங்களை நேரத்துக்குத் தகுந்தபடி நீட்டுவார்கள், குறைப்பார்கள். மாறாத இடங்களைத் தமிழிலேயே வையுங்கள். பாட்டு, பெயர்கள், ஒருவரை ஒருவர் திட்டுவது, அழுவது, கூப்பிடுவது இதெல்லாம் தமிழில். நடுவில் வரும் 'அப்புறம் அவர்கள் கிளம்பினார்கள்' எந்த மொழியில் இருந்தாலும் பரவாயில்லை. நல்லதங்காள் பசியோடு ஏழு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வருகிறாள், அண்ணி மூளி அலங்காரி அடுப்பெரிக்கப் பச்சை வாழைமட்டையையும் உலை வைக்க ஓட்டைப் பானையையும் எடுத்துக் கொடுக்கிறாள். அந்த இரண்டு பொருளைச் சொன்னால் போதும், வாழைமட்டை ஏன் எரியாது என்று பிள்ளைகளே கேட்பார்கள். அங்கே அண்ணி பேசும் பேச்சை மாமியார் எப்படிப் பேசிக் காட்டுவாரோ அதே தமிழில் நீங்களும் பேசிக் காட்டுங்கள். புரியாத சொல்லைக் குரல் புரிய வைத்துவிடும்.

மைசூரில் 1929-ல் பிறந்த ஏ.கே. ராமானுஜனின் வீட்டில், உள்ளே அம்மாவோடு தமிழ், மாடியில் அப்பாவோடு இங்கிலீஷ், தெருவில் கன்னடம். பின்னாளில் இந்திய நாட்டுப்புறக் கதைகளை உலகத்துக்கே எடுத்துக் காட்டியவர் அந்த வீட்டிலிருந்து வந்தவர்தான். மூன்று மொழி புழங்கும் வீட்டில் கதை நிற்காது என்ற பயம் உங்களுக்கு வேண்டாம்.

மாமியாரின் வருத்தத்துக்கு வருகிறேன். அவருக்குக் குறை இங்கிலீஷாக இருக்காது என்பது என் எண்ணம். எதிரே உட்கார்ந்து 'உம்' கொட்ட ஆள் இல்லை, அதுதான். அதனால் அவர் இல்லாத நேரத்தில் சொல்லாதீர்கள். அவர் சொல்லட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து புரியாததை எடுத்துக் கொடுங்கள், பிள்ளைகளில் ஒருவருக்கு 'உம்' கொட்டும் வேலையைக் கொடுங்கள். 'உம்' நின்றால் பாட்டியும் நிறுத்திவிட வேண்டும் என்று ஒரு விதி வைத்துவிட்டால் தூங்கக்கூட மாட்டார்கள். அடுத்த வாரம் அதே கதையைப் பிள்ளைகள் பாட்டிக்குச் சொல்லட்டும், கன்னடம் கலந்து சொன்னாலும் சரி. பாட்டி திருத்துவார். அந்தத் திருத்தத்தில்தான் அவர்கள் தமிழ் கற்பார்கள்.

தாத்தா கோலார் தங்கவயலில் வாழ்நாள் முழுக்கச் சுரங்க வேலை பார்த்தவர். இப்போது எங்களோடு இருக்கிறார். 'மைன்ஸ் பத்திச் சொல்லுங்க தாத்தா' என்றால் 'என்னத்தச் சொல்ல, போனோம், வந்தோம்' என்று முடித்துவிடுகிறார். செல்போனை எடுத்து ரெக்கார்டிங் போட்டால் சுத்தமாகப் பேச்சே நின்றுபோகிறது. எப்படித்தான் கேட்பது? – கிருஷ்ணராஜபுரம்

தம்பி, 'மைன்ஸ் பற்றி' என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. ஒரு ஆயுளையே எடுத்து நீட்டச் சொல்கிறோம். சின்னதாகக் கேளுங்கள். முதல் நாள் கூண்டில் இறங்கும்போது பக்கத்தில் யார் நின்றார்கள்? சாப்பாடு எதில் கட்டிக்கொண்டு போவீர்கள், கீழே எங்கே உட்கார்ந்து சாப்பிடுவீர்கள்? நைட் ஷிப்ட் முடிந்து மேலே வந்ததும் முதலில் என்ன செய்வீர்கள்? சம்பள நாளில் பாட்டிக்கு என்ன வாங்கி வருவீர்கள்? கடைசிக் கேள்வியைப் பாட்டி இருக்கும்போது கேட்டால் இரண்டு பேரும் சேர்ந்து சொல்வார்கள், மறுத்துக்கொள்வார்கள், கதை தானாக வளரும்.

அவர் ஏன் பேசுவதில்லை என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்ததிலிருந்து அங்கே இறங்கியவர்களில் பெரும்பாலோர் வடாற்காடு, சேலம், தர்மபுரிப் பக்கத்துத் தமிழர்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போனது. அந்த ஆழத்தில் பாறை தன் அழுத்தத்தாலேயே வெடித்துச் சிதறும், முன்கூட்டி எந்த அறிகுறியும் இருக்காது. கூட வேலை பார்த்தவரை அப்படி இழந்த வீடுகள் தொழிலாளர் குடியிருப்பின் ஒவ்வொரு லைனிலும் உண்டு. தாத்தா அந்தப் பக்கம் போகாமல் சுற்றிப் போனால் நீங்களும் சுற்றியே போங்கள். அவராக வந்தால் வருவார். வந்து, நடுவில் பேச்சு நின்றால், அடுத்த கேள்வியை அவசரமாகப் போடாதீர்கள், காத்திருங்கள். நல்ல பகுதி அந்த மௌனத்துக்குப் பிறகுதான் வரும்.

இன்னொரு வழியும் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. உடம்பு ஒத்துழைத்தால் ஒருநாள் மாரிகுப்பம் ரயிலில் கூட்டிக்கொண்டு போங்கள், ஜன்னலோரம் உட்கார வையுங்கள். பங்காருப்பேட்டை தாண்டிக் கோரமண்டல், ஊர்காம், சாம்பியன் என்று ஸ்டேஷன் ஸ்டேஷனாக வரும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆள், ஒரு கடை, ஒரு சண்டை ஞாபகம் வரும். தங்கம் பிரித்தெடுத்த கழிவு மண் குவிந்த சயனைடு மேடு கண்ணில் பட்டால் கேட்கவே வேண்டாம். பெங்களூருத் தெருவுக்கு மின்விளக்கு வருவதற்கு முன்பே, 1902-லேயே, சிவனசமுத்திரத்திலிருந்து தங்கவயலுக்குக் கரண்ட் வந்த பெருமையையும் அவர் வாயால் கேளுங்கள். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினார்கள். அன்றைக்கு வீட்டில் என்ன சமைத்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பழைய ஷிப்ட் தோழர் யாராவது இருந்தால் இரண்டு பேரையும் ஒன்றாக உட்கார வைத்துவிட்டு நீங்கள் ஒதுங்கி இருங்கள், அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்வது உங்களுக்குச் சொல்வதைவிட நன்றாக இருக்கும்.

ரெக்கார்டிங்கை ஒளித்து வைத்துச் செய்யாதீர்கள். 'தாத்தா, உங்க குரல் எனக்கு வேணும்' என்று நேராகச் சொல்லுங்கள். முதல் இரண்டு மூன்று தடவை போன் இல்லாமலே பேசிப் பழக்குங்கள். பிறகு போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, மடித்த துண்டின் மேல் வைத்துவிட்டு அதைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பாருங்கள். மின்விசிறியை அணைத்துவிடுங்கள், குக்கர் இல்லாத நேரமாகப் பாருங்கள். ஆரம்பத்தில் தேதி, இடம், யார் யார் இருக்கிறார்கள் என்று உங்கள் குரலில் சொல்லிவிடுங்கள். பத்து வருடம் கழித்துக் கேட்கும்போது அந்த ஒரு வரிதான் உதவும். அன்றைக்கே இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள்.

பகலில் கதை சொல்லக் கூடாது என்று என் அம்மா கண்டிப்பாக இருந்தார். ஏன் அப்படி? – விவேக் நகர்

வடக்கேயும் இது உண்டு. பகலில் கதை சொன்னால் தாய்மாமன் வழி தவறிப் போய்விடுவார் என்று அங்கே சொல்வார்கள். பகல் வேலைக்கான நேரம், பிள்ளைகள் கதை கேட்டு முந்தானையைப் பிடித்து இழுத்தால் வேலை ஓடாது, அதனால் வந்த கட்டுப்பாடாக இருக்கும் என்பது என் ஊகம். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை மதியமே சொல்லுங்கள். இந்த ஊரில் எல்லாரும் ஒன்றாக வீட்டில் இருப்பதே அன்றைக்குத்தான்.

என் தாத்தா கரகத் திருவிழா ராத்திரி அன்றைக்குத் திரௌபதி கதை சொல்வார். பாண்டவர்கள் சொர்க்கத்துக்குப் போகும் வழியில் திரௌபதி மட்டும் பின்தங்கிவிட, திமிராசுரன் எதிரே வருகிறான், அவள் ஆதிசக்தியாகி வீரகுமாரர்களைப் படைத்து அவனை அழிக்கிறாள். என் மகன் மகாபாரதம் படித்துவிட்டு 'இது புத்தகத்துலயே இல்ல, கொள்ளுத்தாத்தா கட்டி விட்டது' என்கிறான். – நகரத்பேட்டை

உங்கள் தாத்தா தனியாகக் கட்டியது இல்லை என்று மகனிடம் சொல்லுங்கள். தர்மராயர் கோயில் கரகமே இந்தக் கதையின் மேல்தான் நிற்கிறது. திகளர் சமூகத்தார் தலைமுறை தலைமுறையாக எடுத்து நடத்தும் விழா. அசுரன் அழிந்த பிறகு எங்களை விட்டுப் போகாதே என்று வீரகுமாரர்கள் கெஞ்சினார்கள், வருடத்துக்கு ஒருமுறை வருகிறேன் என்று அவள் வாக்குக் கொடுத்தாள், அதனால்தான் கன்னடச் சைத்ர மாதப் பௌர்ணமியில் வருகிறாள். கரகத்தோடு வாளேந்தி வருபவர்கள் அந்த வீரகுமாரர்கள்.

மகன் படித்த புத்தகத்திலேயே இதற்கு இடம் இருக்கிறது. இமயத்தை நோக்கிப் போகும்போது முதலில் விழுபவள் திரௌபதிதான், மற்றவர்கள் திரும்பிப் பார்க்காமல் போய்விடுகிறார்கள். விழுந்தவளுக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று எளிய மக்கள் கேட்டிருக்கிறார்கள், கேள்விக்குப் பதிலாக ஒரு கதை பிறந்திருக்கிறது. எனக்கு இது மூலத்தைவிட நியாயமான கதையாகவே படுகிறது. செஞ்சிப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களுக்கு ஒருமுறை கூட்டிப் போங்கள். தீமிதி, இரவெல்லாம் தெருக்கூத்து, அம்மனுக்குக் காவலாகப் போத்துராஜா, கூடவே முத்தால ராவுத்தர் என்ற முஸ்லிம் காவல் தெய்வம். இங்கே கரகம் காட்டன்பேட்டை தவக்கல் மஸ்தான் தர்காவுக்குப் போய்விட்டுத்தான் திரும்புகிறது. எந்தப் புத்தகமும் சொல்லி இவர்கள் இதைச் செய்யவில்லை.

நான் தஞ்சாவூர்க்காரி. சங்கேதிக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறேன். அவர்கள் வீட்டுப் பேச்சில் பாதி எனக்குப் புரிகிறது, பாதி புரியவில்லை. நாச்சாரம்மா என்ற மூதாதையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். இது எங்கள் பக்கத்துக் கதையா, கன்னடக் கதையா? – ஜெயநகர்

இரண்டு பக்கத்துக்கும் உரியது. செங்கோட்டையிலிருந்து புறப்பட்டு ஹாசன் பக்கம் கௌசிகா, மைசூர்ப் பக்கம் பெட்டதபுரம், சிவமொக்கா அருகே மத்தூர் என்று குடியேறியவர்கள் அவர்கள். கன்னடம் நிறையக் கலந்து நிற்கும் பழைய தமிழ்ப் பேச்சு அது, அதனால்தான் பாதி புரிகிறது. நாச்சாரம்மா கல்வி மிக்க பெண். ஊரார் அவளை அவமானப்படுத்தினார்கள். அவள் சபித்துவிட்டுக் கிளம்பினாள், நம்பியவர்கள் பின்னால் வந்தார்கள். என்ன அவமானம் என்பதை ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு விதமாகச் சொல்வார்கள், அதை மாமியாரிடம் கேட்டு வையுங்கள்.

இதோடு எதிர்த்திசையில் வந்த கதை ஒன்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வேன். தெலுங்கு நாட்டிலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்த பல சமூகத்தாரிடம், தங்கள் பெண்ணை ஒரு அரசன் கேட்டான், கொடுக்க மனமில்லாமல் இரவோடு இரவாகப் புறப்பட்டோம், ஆறு குறுக்கே வந்தது, கரையில் நின்ற பொங்கு மரம் வளைந்து பாலமாகி எங்களைக் கரை சேர்த்தது என்று ஒரு கதை வழங்குகிறது. கரிசல் காட்டில் பிறந்த கி. ராஜநாராயணன் தன் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்ட இப்படிப்பட்ட கதையைத்தான் நாவலாக்கினார், 1976-ல் வந்தது. வடக்கே போனவர்களும் தெற்கே வந்தவர்களும் தங்கள் பயணத்தின் தொடக்கத்தில் ஒரு பெண்ணின் மானத்தைத்தான் வைத்திருக்கிறார்கள். பஞ்சம், போர், நிலம் தேடி அலைந்தது என்று காரணம் பல இருந்திருக்கலாம். ஆனால் 'விளைச்சல் இல்லை, வந்தோம்' என்று பேரப்பிள்ளைக்குச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. ஊரை விட்டு வந்ததில் தங்களுக்கு ஒரு கௌரவம் இருந்தது என்று சொல்ல வேண்டியிருந்தது. உங்கள் குழந்தைகளுக்கு இரண்டையும் சொல்லுங்கள், அவர்கள் இரண்டு வழியிலும் வந்தவர்கள்தானே.

எங்கள் நன்னி (பாட்டி) ஒரு இளவரசி கேள்வி மேல் கேள்வியாகக் கேட்பதாகவும், ஒருவன் பதில் சொல்லிக்கொண்டே வருவதாகவும் கதை சொல்வார். உருதும் தமிழும் கலந்து வரும். இது என்ன கதை? – சிவாஜி நகர்

மசலா என்ற கேள்வி பதில் வகையைச் சேர்ந்ததாக இருக்கும். தமிழ் முஸ்லிம்களிடையே மசலா, கதை சொல்லும் கிஸ்ஸா, இறைவனை வேண்டும் முனாஜாத்து என்று தனிப் பாட்டு வகைகளே உண்டு. முழுமையாகக் கிடைக்கும் முதல் தமிழ் இஸ்லாமிய நூலான ஆயிர மசலா 1572-ல் வந்தது, அதுவும் கேள்வி பதில்தான். நூறு மசலாவில்தான் உங்கள் நன்னியின் இளவரசி வருகிறாள். வீட்டில் ஒருவர் ராகம் போட்டுப் படிக்க மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள், அப்படிக் கேட்டே மனப்பாடம் ஆனவர்கள் உண்டு. நன்னி சொல்லும் கேள்விகளை அந்தக் கலப்பிலேயே எழுதி வையுங்கள், தூய தமிழாக்க வேண்டாம்.

1991 டிசம்பரில் எனக்குப் பத்து வயது. காவிரிக் கலவரத்தில் எங்கள் தெருவில் வீடுகள் எரிந்தன. பக்கத்து வீட்டுக் கன்னட அஜ்ஜி எங்களைத் தன் வீட்டு மாடியில் இரண்டு நாள் ஒளித்து வைத்து, அவர் சாப்பிடுவதையே எங்களுக்கும் போட்டார். அப்பா அதைப் பற்றிப் பேசவே விடமாட்டார். என் மகளுக்கு இப்போது கன்னடத் தோழிகள்தான். இதைச் சொல்லலாமா, மனதைக் கெடுத்ததாகிவிடுமா? – ஸ்ரீராமபுரம்

சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் வேறு யாராவது அரைகுறையாகச் சொல்வார்கள், அதில் அந்த அஜ்ஜி இருக்க மாட்டார். என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று காரணத்தோடு சொல்லுங்கள். காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவு ஜூனில் வந்தது, டிசம்பரில் அரசிதழில் வெளியானது, தண்ணீர் போய்விடும் என்ற பயத்தை ஆட்கள் வெறியாகக் கிளப்பிவிட்டார்கள், ஏழைத் தமிழர்களின் குடியிருப்புகள் அடி வாங்கின. எரிந்ததை மறைக்க வேண்டாம். அஜ்ஜியை மட்டும் சொல்லிக் கதையை இனிப்பாக்கவும் வேண்டாம். மாடியில் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தீர்கள், அஜ்ஜி வாசலில் நின்று வந்தவர்களிடம் என்ன சொன்னார், அதை அவர் சொன்ன கன்னடத்திலேயே சொல்லுங்கள். அப்பாவை வற்புறுத்தாதீர்கள், இது உங்கள் ஞாபகம், உங்களுக்குச் சொல்ல உரிமை இருக்கிறது. அஜ்ஜி குடும்பத்தார் யாராவது இருந்தால் மகளை அழைத்துக்கொண்டு போய் அவர்கள் பக்கத்தையும் கேளுங்கள். அந்த மாடிப்படிக்குக் கீழே இருந்தவர்களின் பயம் உங்களுக்குத் தெரியாதது.

அத்தை சொல்லும் எங்கள் குடும்பக் கதையில் வேறு சாதிக்காரர் ஒருவரைக் கேவலமாகப் பேசும் இடம் வருகிறது. பேத்திக்குச் சொல்லும்போது அதை எடுத்துவிடலாமா? – கமலா நகர்

ரெக்கார்டிங்கில் எடுக்காதீர்கள். அத்தை சொன்னது அப்படியே இருக்கட்டும். பேத்திக்குச் சொல்லும்போது அந்த இடத்தில் நிறுத்தி, 'அந்தக் காலத்துல நம்ம வீட்ல இப்படிப் பேசினாங்க, அது அநியாயம்' என்று உங்கள் வாயால் சொல்லிவிட்டு மேலே போங்கள். சத்தமில்லாமல் வெட்டினால் என்ன ஆகும் என்பதற்கு நெல்லைப் பக்கத்து முத்துப்பட்டன் கதை இருக்கிறது. பிராமணனான பட்டன், சக்கிலியர் வீட்டுப் பெண்களான பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் விரும்பி, அவர்கள் அப்பா சொன்னபடி செருப்புத் தைத்துக் காட்டிக் கல்யாணம் செய்துகொள்கிறான். அதைப் பொறுக்காதவர்கள் பின்னால் அந்தப் பெண்களே பிறப்பால் பிராமணர்கள், காட்டில் கிடைத்து வளர்க்கப்பட்டவர்கள் என்று சேர்த்துவிட்டார்கள். பழைய வடிவம் பாடகர்களிடம் இருந்ததால்தான் நா. வானமாமலை போன்ற நாட்டுப்புறவியல் ஆய்வாளர்கள் அந்த மாற்றத்தைக் கண்டு சொல்ல முடிந்தது.

உங்கள் கதையில் கேவலப்படுத்தப்பட்ட அந்த மனிதருக்குப் பெயர் இருக்கிறதா என்று அத்தையிடம் கேளுங்கள். அவர் என்ன வேலை செய்தார், எந்தத் தெருவில் இருந்தார், பிள்ளைகள் எங்கே போனார்கள் என்பதையும் கேளுங்கள். தெரிந்த மட்டும் எழுதி அந்த ரெக்கார்டிங்கோடு வையுங்கள், அவருடைய பேரப்பிள்ளைகள் இதே ஊரில் இருக்கலாம்.